இடது கண்ணுக்கு அமைத்த துப்பாக்கி

2023 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தில்லி ஆர்.கே.புரம் மலை மந்திரில் சாமி கும்பிட்டுவிட்டுத் தகப்பனும் மகளும் நேராக முனிர்காவில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். அவர் கையில் நீளமான துப்பாக்கிப் பெட்டி, அவள் கையில் ஒரு துணிப்பை. பெட்டியில் இருந்தது பத்து மீட்டர் போட்டிக்கான ஜெர்மன் ஏர் ரைஃபிள். ஒரு கை மாறி வந்தது. பையில் இருந்தவை, அந்தக் குடும்பம் ஆறு மாதமாகத் தேடித் தேடிச் சேர்த்த இடக்கைப் பாகங்கள்.

"எல்லாம் வாங்கிவிட்டேன் அண்ணாச்சி. நீங்கள் மாட்டித் தந்தால் போதும்" என்றார் தகப்பனார்.

மாட்டிப் பார்த்தேன். பாதி பொருந்தவில்லை. கச்சிதமாகப் பொருந்திய ஒன்றோ போட்டி விதிக்கு ஆகாதது. அந்தத் துப்பாக்கியை அவள் தோளுக்குக் கொண்டுவர மூன்று மாதம் ஆனது. எதை எந்த வரிசையில் பார்த்தோம், எதை வாங்கியிருக்க வேண்டாம், எதைத் தொடாமல் விட்டோம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். தில்லியில் இடக்கைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடும் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் இரண்டு மூன்றையாவது எனக்குத் தெரியும்.

ஆள்

பெண்ணுக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்பு. எழுதுவது, பந்து எறிவது, பல் துலக்குவது எல்லாமே இடக்கையால்தான். சாப்பிடுவது மட்டும் வலக்கை. அது ஆச்சி பழக்கியது. அவர்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். அங்கே இடக்கைக்கு நொட்டாங்கை என்று பெயர். நொட்டாங்கையால் வாங்காதே, நொட்டாங்கையால் கொடுக்காதே என்று கேட்டே வளர்ந்தவளுக்கு, பயிற்சி மையத்தில் முதல் நாள் துப்பாக்கியைக் கொடுத்து வலது தோளில் வை என்று சொன்னபோது அது வித்தியாசமாகவே படவில்லை. மையத்தில் இருந்த ஆறு துப்பாக்கிகளும் வலக்கைக்கு உரியவை. அவளும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

எட்டு மாதம் வலது தோளில் சுட்டிருக்கிறாள். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9 புள்ளி. அறுபது குண்டுக்கு 654. அவள் 585க்கு வந்து நின்றுவிட்டாள். எட்டு மாதப் பிள்ளைக்கு அது மோசமில்லை. ஆனால் மூன்று மாதமாக அது நகரவில்லை. முதல் இருபது குண்டு நன்றாகப் போகும், அடுத்த இருபதில் சிதறத் தொடங்கும், கடைசி இருபதில் கண்ணில் நீர் வழியும்.

அவள் அறையில் இளவேனில் வாலறிவனின் படம் ஒட்டியிருக்கிறதாம். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்து, 2019இல் ரியோ உலகக் கோப்பையில் இதே போட்டியில் தங்கம் வாங்கியவர். "அந்த அக்காவும் நம் ஊரை விட்டு வந்தவர்தானே மாமா" என்றாள். அப்போதே முடிவு செய்துவிட்டேன், இந்த வேலையை அரைகுறையாகச் செய்யக் கூடாது என்று.

கண்

பாகங்களைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு வேலை. முதலாவது எப்போதும் மாறாதது. காற்று உருளையைக் கழற்றினேன், குழலுக்குள் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிற்றைச் செலுத்தினேன், குண்டு போடும் வாயைத் திறந்து வைத்தேன். காலித் துப்பாக்கி என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

இரண்டாவது கண் சோதனை. இரு கைகளையும் முன்னே நீட்டி, விரல்களைச் சேர்த்து ஒரு சிறு முக்கோண ஓட்டை செய்யச் சொன்னேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் முருகனின் வேல் நுனியை இரு கண்ணாலும் அந்த ஓட்டை வழியே பார்க்கச் சொன்னேன். பிறகு ஒரு கண்ணை மூடு, திற, மற்றதை மூடு. எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது வேல் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் ஆளும் கண். ஐந்து முறை செய்தோம். ஐந்து முறையும் இடது.

எட்டு மாதமாக நடந்தது இப்போது புரிந்தது. வலது கண்ணால் குறி பார்க்கும்போது இடது கண் தன் படத்தைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தியிருக்கிறது. அதை அடக்க அவள் இடது கண்ணை இறுக்கி மூடியிருக்கிறாள். ஒரு கண்ணை இறுக்கினால் மற்ற கண்ணின் தசையும் சேர்ந்து இறுகும். ஒன்றேகால் மணி நேரப் போட்டியில் அது எவ்வளவு நேரம் தாங்கும்?

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். வலக்கைப் பிள்ளைக்கு இடது கண் ஆளும் கண்ணாக இருந்தால் உடனே தோள் மாற்றத் தேவையில்லை. கண்ணுக்கு அருகில் இருக்கும் பின்குறியில் ஒரு சிறு மறைப்பை மாட்டி ஆளும் கண்ணை மறைத்துவிட்டுச் சுடலாம். முப்பது மில்லிமீட்டர் அகலம், குறித்துளையிலிருந்து நூறு மில்லிமீட்டர் நீளம் வரை விதி அதை அனுமதிக்கிறது. அப்படிச் சுட்டு நன்றாக வருபவர்கள் இருக்கிறார்கள். இவளுக்கோ கையும் இடது, கண்ணும் இடது. இரண்டையும் எதிர்த்துக்கொண்டு வலது தோளில் நிற்க ஒரு காரணமும் இல்லை.

இதை எழுதும்போது இன்னொருவரையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நான் இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் ஆர்மரராக இருந்தவன். துப்பாக்கிகளைப் பிரித்து, சரிபார்த்து, பூட்டித் தருவது என் தொழில். அங்கே சேலத்துப் பையன் ஒருவன் இருந்தான். சுடும் களத்தில் எப்போதும் பின்தங்குவான். துப்பாக்கியில் ஏதோ கோளாறு என்று என்னிடம்தான் கொண்டுவருவான். நான் பிரிப்பேன், பார்ப்பேன், ஒன்றும் இல்லை என்று திருப்பித் தருவேன். அவன் கண்ணை ஒரு முறையும் பார்க்கவில்லை. இந்தப் பெண் போன அன்று இரவு அவனுக்குப் போன் செய்தேன். ஆத்தூரில் கடை வைத்திருக்கிறான். வணக்கம் சொல்லி முடித்ததும், கையை நீட்டி முக்கோணம் செய்யச் சொன்னேன். "இடது கண்தான் அண்ணே தெரிகிறது. ஏன் கேட்கிறீர்கள்?" என்றான். காரணத்தைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

பையில் இருந்தவை

ஒரு மேசை விரிப்பில் எல்லாவற்றையும் பரப்பினோம். வால்நட் மரத்தில் செதுக்கிய இடக்கைக் கிரிப், அதாவது கைப்பிடி. கன்னம் சாயும் சீக் பீஸ். பின்குறியான டயாப்டர், இடக்கை வகை. முன்குறிக்குள் போடும் வளையங்கள் ஒரு பாக்கெட். கையுறை.

கடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்: இது இடக்கைக்கு ஆகும். பொய்யில்லை. ஆனால் ஒரு பாகத்தை வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்தத் துப்பாக்கியின் திருகிலும் தடத்திலும் அது உட்காருமா? இந்த ஆளின் கைக்கும் கன்னத்துக்கும் அது ஆகுமா? போட்டி விதி அதை ஏற்குமா? இடக்கை என்ற சொல் நடுக் கேள்விக்கு மட்டும்தான், அதுவும் பாதிதான், பதில் சொல்கிறது. மற்ற இரண்டையும் யாரும் கேட்கவில்லை.

ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. துப்பாக்கியை வாங்கும்போது மரக்கட்டை வைத்ததை விட்டுவிட்டு அலுமினியக் கட்டை வைத்ததை எடுத்திருக்கிறார். விலை கூடுதல் என்று மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாராம். ஆனால் அவர் செய்தது சரி. வலக்கைக்கென்று செதுக்கிய மரக்கட்டையில் கன்னத்தின் பக்கமும் உள்ளங்கைப் புடைப்பும் ஒரே துண்டில் இருக்கும். மாற்ற வேண்டுமானால் கட்டையையே மாற்ற வேண்டும். அலுமினியக் கட்டையில் நடுவில் ஒரு தண்டு, அதில் தனித்தனியாகக் கழலும் கிரிப், சீக் பீஸ், தோளில் பதியும் பட் பிளேட். தண்டுக்கு இடமும் வலமும் கிடையாது.

ஏர் ரைஃபிள் என்பதால்தான் இதுவும் முடிந்தது. ஐம்பது மீட்டர் .22 துப்பாக்கியாக இருந்தால் கதை வேறு. அதில் குண்டைப் பூட்டும் போல்ட்டும் அது இயங்கும் உடலும் தொழிற்சாலையிலேயே இடக்கைக்கு என்று செய்யப்பட்டு வர வேண்டும். வலக்கை உடலை வீட்டில் இடமாக்க வழியில்லை. உரிமமும் வேண்டும். ஆயுத விதிகள் 2016இன்படி, 0.177 அங்குல விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு அந்த உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் ரைஃபிள்கள் 4.5 மில்லிமீட்டர் குண்டை ஏறத்தாழ ஏழரை ஜூலில் அனுப்புபவை.

கிரிப்

இங்கேதான் அதிகம் நின்றோம்.

வாங்கி வந்த கிரிப் பார்க்க அழகு. நல்ல ரேகை ஓடிய வால்நட், இடது உள்ளங்கைக்குச் சரியான புடைப்பு, கட்டைவிரலுக்குத் தனியாகக் குடைந்த ஒரு திண்டு, உள்ளங்கை அடியில் கை நழுவாமல் தாங்க ஒரு விளிம்பு. அதே நிறுவனத் தயாரிப்பு, அதே ஒற்றைத் திருகு. சொல்லி வைத்தாற்போல் உட்கார்ந்தது. பெண் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள். எட்டு மாதத்தில் முதல் முறையாக ஒரு துப்பாக்கி அவள் கையைத் தெரிந்துகொண்டு பிடித்தது.

கழற்றச் சொன்னேன். அவள் முகம் வாடியது.

அது ஐம்பது மீட்டர் துப்பாக்கிக்கு உரிய கிரிப். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் கட்டைவிரல் திண்டு, கட்டைவிரல் துளை, உள்ளங்கைத் தாங்கி, கை நழுவாமல் காக்கும் விளிம்பு எல்லாம் தடை. கருவிப் பரிசோதனை மேசையில் அப்படியே திருப்பி அனுப்புவார்கள். இதில் பழகி மூன்று மாதம் கழித்து வேறு கிரிப்புக்கு மாறுவதைவிடக் கொடுமை இல்லை. கை ஒரு முறை கற்றதை மறக்க இரண்டு மடங்கு நாள் பிடிக்கும்.

திண்டைச் செதுக்கி எடுத்துவிடலாமே என்று தகப்பனார் கேட்டார். செய்யலாம். ஆனால் விளிம்பையும் திண்டையும் எடுத்தால் அந்த இடத்தில் மரம் மெலிந்து குழியாகும், புடைப்பின் கணக்கே மாறும். நல்ல பொருளைக் கெடுத்து மோசமான பொருளைப் பெறுவது எனக்கு ஒப்பவில்லை. விற்றுவிடுங்கள் என்றேன். ஃபரீதாபாத்தில் சுடுவதை நிறுத்திவிட்ட ஓர் இடக்கை வீரர் இருந்தார். அவரிடம் இதே துப்பாக்கியின் ஏர் ரைஃபிள் கிரிப், இடக்கை, நடுத்தர அளவு, சும்மா கிடந்தது. ஒன்றைக் கொடுத்து மற்றதை எடுத்துக்கொண்டோம். அவர் பணம் வாங்கவில்லை.

இனி அளவு. அவள் இடக்கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்தேன். கட்டைவிரலும் சுட்டுவிரலும் பிரியும் கவட்டையிலிருந்து சுட்டுவிரலின் முதல் கணுச் சதையின் நடுப்பகுதி வரை எவ்வளவு தூரம் என்பதுதான் முக்கியம். அந்தச் சதை விசையின் மேல் நேராக விழ வேண்டும். விரல் கட்டையின் பக்கத்தைத் தொடக் கூடாது. தொட்டால் ஒவ்வொரு இழுப்பிலும் துப்பாக்கியைப் பக்கவாட்டில் தள்ளும். பத்து மீட்டர் தாளில் பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர். குண்டின் விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. அங்கே இந்தத் தள்ளல் அப்படியே தெரியும்.

நடுத்தர அளவு அவளுக்குக் கொஞ்சம் பெரிது. விரல் நான்கு மில்லிமீட்டர் குறைந்தது. விசைத் தகட்டைப் பின்னுக்கு நகர்த்தி மூன்றைச் சரிசெய்தேன். மீதிக்குக் கிரிப்பின் பின்வளைவை லேசாகத் தேய்த்தேன். உள்ளங்கைக் குழிவில் இடைவெளி இருந்தது. அங்கே எம்சீல் பிசைந்து வைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் போட்டு, அவளைச் சுடும் நிலையில் நிற்க வைத்துப் பிடிக்கச் சொன்னேன். அழுத்தாதே தாயி, ஒரு தம்ளரைப் பிடிப்பதுபோலப் பிடி என்றேன். ஜனவரிக் குளிரில் எம்சீல் இறுக நெடுநேரம் ஆகும். மொட்டை மாடியில் வெயில் வரும்வரை காத்திருந்தோம். அன்று மூடுபனி பதினொரு மணிக்குத்தான் விலகியது. பின் மூன்று வாரம், ஒவ்வொரு ஞாயிறும் எங்கே அழுத்துகிறது என்று அவள் பென்சிலால் குறித்துக் கொண்டுவருவாள், நான் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்ப்பேன்.

விசைத் தகட்டில் இன்னொரு சிறு விஷயம். முந்தைய சொந்தக்காரர் தன் வலது விரலுக்கு ஏற்பத் தகட்டைக் கொஞ்சம் சாய்த்துத் திருப்பி வைத்திருந்தார். யாரும் அதைக் கவனிக்கவில்லை. இடது விரலுக்கு அது சரியாக எதிர்ச் சாய்வு. ஒரு சிறு திருகைத் தளர்த்தி மறுபக்கம் சாய்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. புதிதாக ஒரு பைசா செலவில்லாத இந்த வேலைதான், என் கணக்கில், கிரிப்புக்கு அடுத்தபடி அதிகப் பலன் தந்தது.

கன்னமும் தோளும்

சீக் பீஸ் வாங்கியிருக்கவே வேண்டாம். துப்பாக்கியோடு வந்ததையே கழற்றித் திருப்பிப் போட முடிந்தது, அதன் தாங்கி இரு பக்கமும் நகரக்கூடியது. புதியது வேறு நிறுவனத்தின் பொருள், திருகுத் துளைகளின் இடைவெளி ஒத்துவரவில்லை. திருப்பிக் கொடுத்தோம்.

உயரத்தை அமைக்கும் முறையைச் சொல்கிறேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு எடுத்து, தலையை இயல்பாகச் சாய்த்து, கன்னத்தை வைக்க வேண்டும். பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். குறித்துளையின் நடுவில் முன்குறி வட்டமாகத் தெரிந்தால் உயரம் சரி. கழுத்தை நீட்டியோ குறுக்கியோ தேட வேண்டியிருந்தால் சரியில்லை. பதினெட்டு முறை ஏற்றி இறக்கினோம். சீக் பீஸின் வெளிவிளிம்பு, குழலின் நடுக்கோட்டிலிருந்து 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அவளுடையது ஒல்லியான முகம், நெருங்கவே இல்லை.

பட் பிளேட்டை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தலாம். வலது தோளுக்கென்று ஒரு பக்கம் தள்ளி வைத்திருந்ததை நடுவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து இடது தோள் குழிக்கு ஏற்ப எதிர்ப்பக்கம் தள்ளினேன். பழைய நிலையை அப்படியே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. முந்தையவர் ஆறடி ஆள்.

குறிகள்

டயாப்டர் சரியான பொருள். பதினொரு மில்லிமீட்டர் தடத்தில் உட்கார்ந்தது. இடக்கை டயாப்டரில் பக்கவாட்டுத் திருகு இடப்பக்கம் இருக்கும். கன்னத்தை எடுக்காமலே இடக்கையால் திருகலாம். எந்தப் பக்கம் திருகினால் குண்டு எந்தப் பக்கம் நகரும் என்பதில் அவள் இரண்டு வாரம் குழம்பினாள். அம்புக்குறியை நம்ப வேண்டாம் என்றேன். ஐந்து குண்டு சுடு, பத்துக் கிளிக் ஒரு பக்கம் திருகு, மறுபடி ஐந்து சுடு, நகர்ந்த திசையை நோட்டில் எழுது. அந்த நோட்டுப் பக்கம் இப்போது அவள் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறது.

வளையங்கள் இருபத்திரண்டு மில்லிமீட்டர். முன்குறிக் குழாயோ பதினெட்டு. உள்ளேயே போகாது. இதற்கும் இடக்கைக்கும் சம்பந்தமில்லை, வாங்குமுன் குழாயின் அளவைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நெம்புகோல்

எல்லாரும் முதலில் கேட்பது இதை. குண்டு போடும் வாயைத் திறக்கும் நெம்புகோல் வலப்பக்கம் இருந்தது. இந்தத் தலைமுறைத் துப்பாக்கிகள் பலவற்றில் அதை இடப்பக்கம் மாற்றிப் பொருத்த முடியும், இதிலும் முடியும். அதற்குரிய பாகங்களுக்கு வெளிநாட்டுக்கு எழுதிப் போடவும் தகப்பனார் தயாராக இருந்தார்.

வேண்டாம் என்றேன். இடக்கைக்காரர் குண்டு போடும்போது துப்பாக்கியின் முன்பகுதி தாங்கியில் இருக்கும். அப்போது வலக்கை சும்மா இருக்கிறது. நெம்புகோல் வலப்பக்கம் இருந்தால் வலக்கையே திறக்கும், குண்டு போடும், மூடும். கிரிப்பில் பதிந்த இடக்கை அசையவே வேண்டியதில்லை. மாற்றிவிட்டால் ஒவ்வொரு குண்டுக்கும் இடக்கை கிரிப்பை விட்டு எழுந்து திரும்பி வந்து உட்கார வேண்டும். அறுபது முறை. நாங்கள் மூன்று வாரம் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய பிடி அது. இதை ஒப்புக்கொள்ளாத பயிற்சியாளர்களும் உண்டு. குண்டு போட்டபின் கை புதிதாகப் பிடிப்பதே நல்லது என்பார்கள். அவளிடம் இரண்டு வகையையும் வெறுங்கையால் நடித்துக் காட்டச் சொன்னேன். அவள் தேர்ந்தெடுத்தது வலப்பக்கம்.

இரண்டு செலவுகள்

காற்று உருளைக்கு இடமும் வலமும் இல்லை, அதனால் யாரும் அதைப் பார்க்கவில்லை. பொறிப்பைப் பார்த்தேன்: 2014 மே. இந்த உருளைகளுக்குப் பத்து வருட ஆயுள். நாள் கடந்த உருளையோடு போட்டிக்குப் போகக் கூடாது. காலாவதி ஆகவில்லை என்பதைப் பார்த்துக்கொள்வது வீரரின் பொறுப்பு என்று விதியே சொல்கிறது. 200 பார் அழுத்தம் நிற்கும் பாத்திரம் அது, விதி இல்லாவிட்டாலும் நான் விடமாட்டேன். இன்னும் ஆறு மாதம்தான் இருந்தது. புதிதாக வாங்கினோம். கை மாறி வரும் துப்பாக்கியின் விலையைப் பேசும்போதே உருளையின் தேதியையும் பேசிக் குறைத்திருக்கலாம்.

மற்றது உடை. தகப்பனாருக்கு இதுதான் வலித்தது. அவளிடம் ஏற்கெனவே ஒரு ஜாக்கெட் இருந்தது, வலக்கைக்கு. துப்பாக்கியைத் திருப்பலாம், ஜாக்கெட்டைத் திருப்ப முடியாது. பட் பிளேட் பதியும் தோளில் ஒட்டிய தடித்த துண்டு, முழங்கைப் பட்டைகள், முன்பக்கம் பூட்டும் பக்கம் எல்லாமே ஒரு பக்கத்துக்கு என்று தைத்தவை. வலக்கை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இடது தோளில் சுட்டால் பித்தான் வரிசை துப்பாக்கியின் அடியில் சிக்கும், தோளில் வழுக்கும். பழையதை மையத்திலேயே இன்னொரு பிள்ளைக்கு விற்று, இடக்கைக்கு அளவெடுத்துத் தைக்கக் கொடுத்தோம். துணியின் தடிமன் 2.5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், விறைப்பையும் கருவி வைத்து அளப்பார்கள். இதைத் தையல்காரரிடம் எழுதியே கொடுத்தேன். கையுறை வலக்கைக்கு வரவேண்டும், தாங்கும் கை அதுதானே. வாங்கி வந்ததோ இடக்கைக் கையுறை. 'இடக்கைக்காரருக்கு' என்று கேட்டிருக்கிறார், 'இடக்கைக்கு' என்று கொடுத்திருக்கிறார்கள். காற்சட்டையும் பூட்ஸும் பழையவையே.

எல்லாம் பூட்டி எடை போட்டேன். 5.1 கிலோ. வரம்பு 5.5.

சுட்டுப் பார்த்தது

பிப்ரவரி முதல் வாரம் இடது தோளில் முதல் அறுபது குண்டு. 561. தகப்பனார் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். "மாமா, கண் வலிக்கவில்லை" என்றாள். தாளை எடுத்துப் பார்த்தேன். குண்டுகள் அகலமாகத்தான் விழுந்திருந்தன. ஆனால் கடைசி இருபதும் முதல் இருபதைப் போலவே இருந்தன. வலது தோளில் ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. அதுவரை எனக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

மார்ச்சில் 580. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தபின் வாரம் நான்கு நாள் பயிற்சி. ஏப்ரலில் பழைய 585ஐத் தாண்டினாள். விசையை இழுக்க வேண்டிய எடைக்கு இந்தப் போட்டியில் கீழ் வரம்பு இல்லை, ஆனாலும் முதல் இரண்டு மாதம் 120 கிராமுக்குக் கீழே நான் விடவில்லை. இடது சுட்டுவிரல் எழுதப் பழகியதுதான், சுடப் பழகியதில்லை. இப்போது 90க்கு வந்திருக்கிறது.

மே மாதம் துக்ளகாபாத்தில், 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய டாக்டர் கர்ணி சிங் சுடும் களத்தில் அவளுக்கு ஒரு போட்டி. நானும் போனேன். கருவிப் பரிசோதனை மேசையில் கிரிப்பை மட்டும் இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்கள், எம்சீல் வைத்த இடத்தைத் தடவிப் பார்த்தார்கள், அளந்தார்கள். சீட்டு ஒட்டினார்கள். அந்த இரண்டு நிமிடம் நான் வெளியே போய் நின்றுவிட்டேன்.

அவள் அன்று எடுத்தது 598.4.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. வலக்கைக்காரர்கள் எல்லாரும் வலப்பக்கம் பார்த்து நிற்பவர்கள், ஒருவர் முதுகை இன்னொருவர் பார்த்தபடி. இவள் மட்டும் இடப்பக்கம் திரும்பி நிற்கிறாள். அதனால் இடப்பக்கத்து லேனில் இருப்பவரும் இவளும் நேருக்கு நேர். மறைப்பு வலது கண்ணுக்குத்தான். குறி பார்க்கும் கண்ணின் பக்கம் பின்குறியில் மறைப்பு வைக்க விதி இடம் தராது. எதிரில் இருந்த பெண் ஒவ்வொரு முறை துப்பாக்கியைத் தாழ்த்தும்போதும் இடது கண்ணின் ஓரத்தில் அந்த அசைவு தெரிந்ததாம். பயிற்சி மையத்தில் சுவர் ஓரத்து லேனிலேயே சுட்டுப் பழகியதால் இது எங்களுக்குத் தெரியாமல் போனது. அடுத்த வாரத்திலிருந்து அவளை நடு லேனில் நிறுத்தி, இடப்பக்கம் அவள் தோழி ஒருத்தியை வேண்டுமென்றே அசைந்துகொண்டே சுடச் சொல்லியிருக்கிறேன்.